இரண்டு அச்சுகள்

இது செவிக்குரிய பேச்சாதலால், முதலில் உங்கள் மனத்திரையில் ஒரு வரைபடத்தை எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கீழே கிடையாகப் பன்னிரண்டு மாதங்கள். இடப்புற அச்சில் சென்னையின் மழை, மில்லிமீட்டரில்; வலப்புற அச்சில் வெப்பநிலை, டிகிரி செல்சியசில். மழையைத் தூண்களும் வெப்பத்தை ஒரு கோடும் காட்டும். அளவைகள் வேறாதலால் அச்சுகள் இரண்டு வேண்டியுள்ளன.

பணியிலிருந்த காலத்தில் இதனை மாணவர்களைக் கொண்டு வரைபடத்தாளில் வரையச் செய்வேன். அச்சுக்குப் பெயர் எழுத மறந்தவனுக்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பது என் வழக்கம். ஓய்வு பெற்றபின், பெயர்த்தி கற்பித்த பைத்தான் கணினி மொழியில், அமெரிக்க அறிஞர் ஜான் ஹண்டர் ஆக்கி 2003-இல் வெளிவந்த மேட்பிளாட்லிப் என்னும் கருவியைக் கொண்டு, அவள் பள்ளிக் கண்காட்சிக்காக அதே படத்தை வரைந்தேன். அதனை நோக்கிய சிறுவன் ஒருவன், "நவம்பரில் 300 டிகிரிக்கு மேல் வெப்பமா, ஐயா?" என்று வினவினான்.

பார்த்தேன். இடப்புற அச்சுக்குப் பெயரே இல்லை. வலப்புறம் 'வெப்பநிலை' என்னும் சொல்லின் அடிப்பாதி தாளின் விளிம்பில் வெட்டுண்டிருந்தது. சாய்த்து எழுதப் பணித்த மாதப் பெயர்களோ சாயாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

காரணம் என்ன? 'ட்வின்எக்ஸ்' என்ற கட்டளை இரண்டாம் அச்சுத் தொகுதியை உண்டாக்குகிறது. அதன்பின் பெயர் சுட்டாமல் இடும் கட்டளைகளெல்லாம் கடைசியாகப் பிறந்த அத்தொகுதிக்கே செல்லும். வகுப்பில் பெயர் சொல்லாது "படி" என்றால், கடைசியாக வந்தவன் எழுந்து நிற்பதைப் போன்றது இது. நான் இட்ட இரு பெயர்களும் வலப்புறமே சென்றன. பின்னது முன்னதை அழித்தது. இரண்டாம் தொகுதியின் கிடை அச்சு மறைத்து வைக்கப்பட்டது. ஆதலின் மாதங்களைச் சாய்க்கும் கட்டளையும் கண்ணுக்குப் புலப்படாது போயிற்று.

தீர்வு எளிது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பெயரிட்டு, அப்பெயரைச் சுட்டியே 'செட் ஒய்லேபிள்' என்று கட்டளையிடவேண்டும். மாதங்களைச் சாய்க்கும் 'டிக் பாராம்ஸ்' கட்டளையை முதல் தொகுதிக்கு இடவேண்டும். படத்தைச் சேமிக்குமுன் 'டைட் லேயவுட்' என்றால், ஓரத்து எழுத்துக்கு இடம் கிடைக்கும். தூணின் நிறத்தையே இடப்புறப் பெயருக்கும், கோட்டின் நிறத்தையே வலப்புறப் பெயருக்கும் தருவது நன்று.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கோடும் தூணும் சந்திக்கும் இடத்திற்குப் பொருள் ஏதும் இல்லை. அளவுத்திட்டத்தை மாற்றினால் அவ்விடமும் மாறிவிடும். பெயரில்லா அச்சு பொய் சொல்லும் என்பதை அச்சிறுவன் எனக்கு உணர்த்தினான். அவனுக்கு நன்றி கூறி, என் படத்திற்கு நானே ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டேன்.