ஊர் மாறியவரின் ஓய்வூதியம்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். ஒரு வேலையை விட்டு மறு வேலைக்குப் போகும்பொழுது பெட்டியையும் படுக்கையையும் நாமே சுமந்து செல்கின்றோம். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை மறவாமல் வாங்கிக்கொள்கின்றோம். எரிவாயு இணைப்பைக்கூட மாற்றிக்கொள்கின்றோம். முந்தைய வேலையில் சேர்ந்த ஓய்வூதிய உரிமை மட்டும் தானாக நம் பின்னே வருவதில்லை. பல சமயங்களில், அதைப் போய் அழைத்து வரவேண்டும் என்பதே நமக்குத் தெரிவதில்லை. அதைக் குறித்தே இன்று பேச எண்ணுகின்றோம்.

தனியார் தொழிற்சாலைகளில் பணியாற்றுவோர்க்குரிய வருங்கால வைப்பு நிதி, அதாவது பேச்சு வழக்கில் பி.எஃப். என்கின்றோமே அது, 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்தது. இப்போதுள்ள ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் அதனோடு இணைந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்குப் 12 பிடிக்கப்படுகின்றது. முதலாளியும் 12 செலுத்துகின்றார். முதலாளி செலுத்துவதில் 8.33 பங்கு ஓய்வூதிய நிதிக்குப் போகின்றது. இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2014 ஆகஸ்டு முடிய அது 6,500 ரூபாய்ச் சம்பளம். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து 15,000 ரூபாய் ஆயிற்று. அந்த வரம்பின்படி மாதந்தோறும் ஓய்வூதிய நிதிக்குச் சேர்வது 1,250 ரூபாய். சிறு தொகைதான்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வைப்பு நிதி என்பது நம் வீட்டுக் குடத்துத் தண்ணீர். எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு இருக்கின்றது என்று பார்க்கலாம். ஓய்வூதிய நிதி அவ்வாறன்று. அது ஊர்ப் பொதுக் குளம். அதில் நமக்கென்று தனித் தண்ணீர் கிடையாது; முறைப் பாசனத்தில் நமக்குரிய முறை மட்டுமே உண்டு. அந்த முறையை அளக்கும் கோல் பணமன்று, நாம் பணியாற்றிய ஆண்டுகள். 10 ஆண்டுகள் நிறைந்தால் 58-ஆம் வயதிலிருந்து மாத ஓய்வூதியம். நிறையாவிட்டால் ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். ஆகவே ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்கு வைப்பு நிதியை மாற்றுவது பணத்தை மாற்றுவது; ஓய்வூதியத்தை மாற்றுவது ஆண்டுகளை மாற்றுவது. மைய அரசின் மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்குச் சொற்களைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வது தொழில்நோய். ஆயினும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்விரண்டு வேறு செயல்களுக்கும் படிவத்தில் 'மாற்றம்' என்ற ஒரே சொல்தான் இருக்கின்றது. அந்த ஒரு சொல்லில் எத்தனையோ பேர் இடறி விழுகின்றார்கள்.

நாங்களே இடறினோம். எங்கள் சிற்றப்பா பொள்ளாச்சிக்காரர்; லேத் வேலையில் கை தேர்ந்தவர். 2009 ஜூலை முதல் 2014 ஜூலை வரை ஐந்து ஆண்டுகள் புனேயில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். பிறகு ஊருக்குத் திரும்பி, பி.எஃப். இல்லாத ஒரு சிறு பட்டறையில் சில ஆண்டுகள் கழித்தார். 2018 பிப்ரவரியில் எங்களோடு தில்லிக்கு வந்து, ஃபரீதாபாத்தில் வேலையில் அமர்ந்தார். 2024 மார்ச்சில் அவருக்கு 58 வயது நிறையும். அதுவரை இருந்தாலும் ஃபரீதாபாத்தில் ஆறு ஆண்டுகள்தாம் ஆகும். புனேயின் ஐந்தைச் சேர்த்தால் பதினொன்று. சேர்க்காவிட்டால் ஓய்வூதியமே இல்லை.

2022-ஆம் ஆண்டில்தான் இது எங்கள் புத்தியில் உறைத்தது. "எல்லாம் ஒரே சர்க்கார்தானே, தம்பி, அவர்களுக்குத் தெரியாதா?" என்றார் சிற்றப்பா. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2014 அக்டோபரில் தொடங்கிய 12 இலக்கப் பொது எண்ணின் நோக்கமே, தொழிலாளி எங்கே சென்றாலும் அந்த எண் உடன் செல்ல வேண்டும் என்பதுதான். ஆனால் ஃபரீதாபாத்தில் அவருக்குப் புதிய எண் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். புனேயின் பழைய கணக்கு அதனோடு ஒட்டாமல் தனியே கிடந்தது.

முதல் தடை பெயர். இது நம்மவர்க்கே உரிய தொல்லையாதலால் சற்று விரித்துச் சொல்கின்றோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முருகன் என்பவரின் தந்தை கந்தன் என்றால் அவர் க. முருகன், அவ்வளவுதான். வடக்கே படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும்: பெயர், நடுப்பெயர், குலப்பெயர். எழுத்தர் கட்டத்தைக் காலியாக விட மாட்டார். புனேயில் அவர் முருகன் கந்தன் ஆவார். அரியானாவில் கந்தன் முருகன் ஆவார். ஆதார் அட்டையில் முருகன் க என்று முன்னெழுத்து வாலாகத் தொங்கும். 'சாமி' என்று முடியும் பெயரானால் ஆங்கிலத்தில் 'ஸ்வாமி' என்று ஒருவரும் 'சாமி' என்று மற்றொருவரும் எழுதுவார்கள். கணினிக்கு இவர்கள் மூவர் அல்லது நால்வர். ஓர் அப்பனுக்குப் பிறந்த ஒரே பிள்ளை என்று அதற்கு யார் எடுத்துச் சொல்வது?

எங்கள் சிற்றப்பாவின் பெயரும் இவ்வாறே இரண்டாகப் பிரிந்து நின்றது. பிறந்த தேதி ஒத்திருந்தது. அது ஒன்றே எங்கள் பாக்கியம். பெயரைத் திருத்தத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து ஒப்பமிடும் கூட்டு உறுதிமொழி தேவைப்பட்டது. புனே நிறுவனமோ அலுவலகத்தை வேறிடத்திற்கு மாற்றியிருந்தது. நாங்கள் அனுப்பிய முதல் இரண்டு பதிவுத் தபால்களும் உறை பிரியாமல் திரும்பி வந்தன. கடைசியில் சிற்றப்பாவோடு முன்பு வேலை செய்த ஒரு மராட்டிய நண்பர் நேரில் சென்று, ஒப்பமிடும் அதிகாரியைக் கண்டுபிடித்தார். பெயர் திருந்த எட்டு மாதங்கள் ஆயின.

பின்னர் 13-ஆம் எண் படிவத்தைக் கொடுத்தோம். புனே நிறுவனம் வைப்பு நிதியைத் தன் சொந்த அறக்கட்டளை வாயிலாக நடத்திய பெரிய நிறுவனங்களுள் ஒன்று. அத்தகைய இடங்களில் வைப்பு நிதி அறக்கட்டளையிடம் இருக்கும்; ஓய்வூதியப் பங்கு பெரும்பாலும் அரசின் பி.எஃப். அலுவலகத்தில் இருக்கும். அஃதாவது நாம் ஒரு வழியாக வந்த உரிமையென்று நினைப்பது உண்மையில் இரு வழிகளில் பிரிந்து கிடக்கின்றது. நான்கு மாதங்களில் அறக்கட்டளையிலிருந்து பணம் ஃபரீதாபாத் கணக்கில் வந்து சேர்ந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். மறுநாள் கணக்கேட்டைக் கூர்ந்து பார்த்தபொழுது, மாறி வந்த வரியில் ஓய்வூதியப் பங்கின் கீழ் பூஜ்யம் என்று இருந்தது.

பதறிப்போனோம். விசாரித்ததில், அந்தப் பூஜ்யம் பிழையன்று என்று தெரிந்தது. பொதுக் குளத்திலிருந்து பணம் எங்கும் போவதில்லையாதலால், மாற்றத்தின்பொழுது அந்த இடத்தில் தொகை எதுவும் காட்டப்படாது. எல்லோர்க்கும் அப்படித்தான். ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்டு நிம்மதியடைந்து வீடு திரும்பியதே நாங்கள் செய்த பிழை. பணிக்கால வரலாறு என்ற வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அதில் புனேயின் ஐந்து ஆண்டுகள் ஏறவேயில்லை. பணத்தோடு வரவேண்டிய பணிக்கால விவரத்தாள் வரவில்லை. இதை நாங்கள் கண்டுபிடித்தது மேலும் நான்கு மாதங்கள் கழித்து. நேயர்கள் யாரேனும் இந்நிலையில் இருந்தால், தொகையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஆண்டுகள் ஏறியுள்ளனவா என்று பாருங்கள்.

அந்நாள்களில் ஒருவர் மிகுந்த அன்போடு ஒரு யோசனை சொன்னார். பழைய ஓய்வூதியப் பங்கிற்கு 10-சி படிவம் போட்டுப் பணமாக வாங்கிவிடுங்கள், இந்த அலைச்சல் எதற்கு என்றார். 6,500 ரூபாய்ச் சம்பளக் கணக்கில் ஐந்து ஆண்டுகளுக்குப் பழைய அட்டவணைப்படி ஒரு தொகை கையில் கிடைக்கும். சிற்றப்பாவுக்கும் சபலம் தட்டியது. கொட்டகைக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. அன்றிரவு அடுக்களை விளக்கின் கீழ் அமர்ந்து கணக்குப் போட்டோம். ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். புனேயின் ஐந்து ஆண்டுகளுக்கு 6,500 ரூபாய் வீதம் மாதம் 464 ரூபாய். ஃபரீதாபாத்தின் ஆறு ஆண்டுகளுக்கு 15,000 வீதம் 1,286. ஆக மாதம் 1,750. புனேயைப் பணமாக்கிவிட்டால் இழப்பது 464 மட்டும் என்றே சிற்றப்பா முதலில் எண்ணினார். ஆறு ஆண்டுகள் மட்டும் நின்றால் அந்த 1,286-உம் கிடையாது என்பதை விளக்க வேண்டியிருந்தது. புனேயில் அவரோடு பணியாற்றிய திருநெல்வேலி நண்பர் ஒருவர் 2014-இலேயே பணத்தை வாங்கிவிட்டார். பின்னர் பெங்களூரில் அவருக்கு ஏழு ஆண்டுகள்தாம் சேர்ந்தன. இடையில் வேலையில்லாமல் இருக்க நேர்ந்தவர்கள் அதே 10-சி படிவத்தில் பணத்திற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது ஆண்டுகளைக் காகிதத்தில் காத்து வைக்கும். அவருக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

விவரத்தாளுக்காக மறுபடியும் புனேக்கு எழுதினோம். ஃபரீதாபாத் அலுவலகத்தில் இருந்த ஒரு பெண் அதிகாரி, புனே அலுவலகத்திற்குத் தாமே மின்னஞ்சல் அனுப்பி, எங்களுக்கும் ஒரு படி கொடுத்தார். அவர் தம் மேசையில் அடுக்கியிருந்த கோப்புகளைப் பார்த்தபொழுது, எங்களைப் போன்றோர் எத்தனை பேர் என்பது விளங்கிற்று. 2024 பிப்ரவரியில், வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், ஐந்து ஆண்டுகளும் ஏறின.

அதன் பின்னர் வழி சற்று அகலமாகியிருக்கின்றது. 2025 ஜனவரியில், ஆதாரோடு இணைந்த பொது எண் உடையவர்கள் பெரும்பாலான சமயங்களில் பழைய முதலாளியின் ஒப்பமோ புதிய முதலாளியின் ஒப்பமோ இன்றி மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வழி செய்தார்கள். வேலையை விட்ட தேதியைப் பழைய நிறுவனம் குறிக்கவில்லையென்றால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதங்கள் சென்றபின் தொழிலாளியே குறித்துக்கொள்ளும் வசதி 2020 முதல் உண்டு. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால்தான் இவையெல்லாம் பயன்படும். புதிய வேலையில் சேரும் நாளன்று, ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லி, எழுத்தர் எழுதியதை ஒருமுறை வாங்கிப் பார்த்தல் நன்று. பழைய எண் இருந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் எண்ணுக்கு இடம் கொடுக்கலாகாது.

மைய அரசுப் பணியில் 2004-க்குப் பின் சேர்ந்த எங்களுக்கு ஓய்வூதிய எண் ஒன்றே; எந்த ஊருக்கு மாற்றினாலும் அதுவே. எங்கள் சலுகையின் அருமை சிற்றப்பாவின் அலைச்சலைப் பார்த்த பிறகே எங்களுக்குப் புரிந்தது என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கின்றோம்.

சிற்றப்பா பொள்ளாச்சிக்கே திரும்பிவிட்டார். எந்த ஊர் வங்கிக் கிளையிலும் ஓய்வூதியம் பெறும் ஏற்பாடு 2025 ஜனவரி முதல் நாடெங்கும் வந்துவிட்டதால், 1,750 ரூபாயும் அங்கேயே அவர் கணக்கில் ஏறுகின்றது. ஆண்டுக்கொரு முறை உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். முதல் முறை கட்டைவிரலை வைத்தபொழுது கருவி ஏற்கவில்லையாம். முப்பது ஆண்டுகள் இரும்பைக் கடைந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? முகத்தைப் படம் பிடித்துச் சான்று பெறும் முறையும் இருக்கின்றது என்று தொலைபேசியில் சொல்லியிருக்கின்றோம். நாளை பேரனை அழைத்துக்கொண்டு போகின்றாராம்.