ஈரக்காற்றும் மின்பிரிப்பு இயந்திரமும்



தலை வாரிய சீப்பைச் சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு சென்று, அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்வதைக் கண்டு மகிழாத சிறுவர் இரார். அதே விளையாட்டை ஐப்பசி மாதத்து அடைமழையில் ஆடிப் பார்த்தவர்கள், சீப்பு தங்களை ஏமாற்றிவிடுவதையும் கண்டிருப்பார்கள். வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கில மருத்துவர் 1600-ஆம் ஆண்டில் வெளியிட்ட காந்தம் பற்றிய நூலிலேயே, தேய்க்கப்பட்ட அம்பரின் கவரும் ஆற்றலை ஈரமான காற்று கெடுத்துவிடுகிறது என்பதைக் குறித்திருக்கிறார். நானூறு ஆண்டுகளாக உலகம் அறிந்த இந்தச் சிறு உண்மையை ஒரு தொழிற்சாலையில் நான் மறந்தேன். அதனால் நான் பட்ட பாட்டையும், அதன் பயனாகப் பிறர் அடைந்த துன்பத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய மின்கம்பி வடங்களை நறுக்கி, உள்ளிருக்கும் செம்பையும் மேலுள்ள பிளாஸ்டிக் உறையையும் தனித்தனியே மீட்கும் சிறிய ஆலை அது. கடற்கரையை அடுத்த ஓர் ஊரில் இருந்தது. நான் அங்கே இளம் பொறியாளனாகச் சேர்ந்திருந்தேன். வடங்களை முதலில் குருணையாக அரைப்பார்கள். பிறகு, காற்று ஊதப்பெற்று அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சாய்வு மேசையின் மீது அதைப் பரப்புவார்கள். செம்பு கனமானது, பிளாஸ்டிக் இலேசானது. ஆகவே பெரும்பகுதிச் செம்பு அங்கேயே பிரிந்துவிடும். ஆயினும் மயிரிழை போன்ற மெல்லிய செம்பு நறுக்குகள் பிளாஸ்டிக் தூளோடு கலந்து தங்கிவிடும். அவற்றை மீட்பதற்கென்றே அமைந்தது மின்பிரிப்பு இயந்திரம்.

அதன் அமைப்பு மிக எளியது. புவியோடு மின்தொடர்பு கொண்ட ஓர் உலோக உருளை மெல்லச் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் மேல் கலவை மெல்லிய படலமாக வந்து விழுகிறது. உருளைக்கு எதிரே 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு நுண்ணிய கம்பி நிற்கிறது. அந்தக் கம்பியைச் சூழ்ந்த காற்று அயனிகளாகப் பிரிகிறது. இருட்டில் பார்த்தால் மங்கிய நீல ஒளி தெரியும். இதனைக் கொரோனா என்பர். உருளையின் மேல் வரும் துகள்கள் யாவும், செம்பாயினும் பிளாஸ்டிக்காயினும், இந்த அயனி மழையில் நனைந்து மின்னூட்டம் பெறுகின்றன.

இனிமேல்தான் இரண்டின் குணமும் வேறுபடுகிறது. செம்பு தான் பெற்ற மின்னூட்டத்தைக் கணப்பொழுதில் உருளைக்குக் கொடுத்துவிடுகிறது. பிடித்துவைக்கும் விசை இல்லாமையால், சுழற்சியின் வேகத்தில் அது வெளியே எறியப்பட்டு முன்தொட்டியில் விழுகிறது. பிளாஸ்டிக்கோ பெற்றதை விடாது. அந்த மின்னூட்டமே அதனை உருளையோடு ஒட்டவைக்கிறது. அது உருளையோடு சுற்றிச் சென்று, பின்புறத்தில் ஒரு தூரிகையால் துடைக்கப்பட்டுப் பின்தொட்டியில் விழுகிறது. மின்னோட்டத்தைத் தடுக்கும் திறத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒன்றின் பின் 16 சுழிகள் இட்ட எண்ணைக் காட்டிலும் பெரியது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை நம்பி இயங்கும் இயந்திரம் பிழை செய்யுமா என்று நான் இறுமாந்திருந்தேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் அது பிழை செய்தது. முன்தொட்டியில் செம்போடு பிளாஸ்டிக் துணுக்குகள் விழுந்தன. பின்தொட்டியில் பிளாஸ்டிக்கோடு செம்பு நூல்கள் மின்னின. நான் மின்னழுத்தத்தைக் கூட்டினேன். தீப்பொறி பறந்ததே தவிரப் பயன் இல்லை. உருளையின் வேகத்தைக் குறைத்தேன். செம்பும் எறியப்படாமல் பின்தொட்டிக்குப் போயிற்று. தூரிகையை மாற்றினேன், கம்பியையும் மாற்றினேன். சில நாள் பிற்பகலில் இயந்திரம் தானாகவே சீரடையும். என் திருத்தம் பலித்தது என்று மகிழ்வேன். மறுநாள் காலையில் பழைய கதைதான். இப்படியே மூன்று வாரங்கள் கழிந்தன.

அங்கே குருணையை அள்ளிப் போடும் முதிய தொழிலாளர் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் என்னிடம், "ஐயா, காலையில்தான் இந்தத் தொல்லை, வெயில் ஏறினால் போய்விடுகிறது. எங்கள் வீட்டு உப்புச் சாடியும் காலையில் இப்படித்தான் கசிகிறது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, இயந்திரத்தின் அருகே தொங்கவிட்டேன். மணிக்கு ஒருமுறை இரண்டையும் குறித்து, அவற்றின் வேறுபாட்டிலிருந்து ஒப்பு ஈரப்பதத்தைக் கணக்கிட்டேன். தொட்டிகளில் விழுந்த கலப்பின் அளவையும் பக்கத்திலேயே எழுதினேன். ஐந்தே நாட்களில் உண்மை விளங்கிவிட்டது. ஈரப்பதம் ஏறியபோதெல்லாம் கலப்பு ஏறியது. ஈரப்பதம் இறங்கியபோது கலப்பும் இறங்கியது.

ஏன் அப்படி? பிளாஸ்டிக் நீரை உறிஞ்சுவது மிகக் குறைவுதான். ஆனால் ஈரக்காற்றில் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று படிகிறது. கடற்கரை ஊர்களில் காற்றிலுள்ள உப்புத்தூளும் அதன்மேல் படிந்திருக்கும். ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். பெரியவர் வீட்டு உப்புச் சாடி கசிந்ததும் இதனாலேதான். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே பிளாஸ்டிக் துகள் தன் மின்னூட்டத்தை அந்தப் படலத்தின் வழியே உருளைக்கு இழந்துவிட்டு, பாதி வழியிலேயே கழன்று செம்போடு விழுகிறது. உள்ளே பிளாஸ்டிக்காகவே இருந்தும், வெளித்தோலால் அது செம்பைப்போல் நடந்துகொள்கிறது. மற்றொரு தீங்கும் உண்டு. ஈரம் பட்ட நுண்தூள் கட்டிகட்டும். அதில் சிக்கிய செம்பு நூல் தனியே பறக்க வழியின்றிப் பிளாஸ்டிக்கோடு போய்விடும். இவ்வாறு இரு தொட்டிகளும் ஒருங்கே கெடுகின்றன. உயர் மின்னழுத்தக் கம்பியைத் தாங்கும் பீங்கான்களின் மேல் தூசியும் ஈரமும் சேர்ந்தால், மின்சாரம் அவற்றின் மேற்பரப்பிலும் கசியும்.

நோய் தெரிந்த பின் மருந்து அரிதன்று. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைக் கொள்ளும். அதில் 24 கிராம் இருந்தால் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு. ஒரு துளி நீரையும் நீக்காமல் அதே காற்றை 45 பாகைக்குச் சூடேற்றினால், அதன் கொள்ளளவு பெருகி, ஒப்பு ஈரப்பதம் சுமார் 35 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். வெயில் ஏறியதும் இயந்திரம் சீரடைந்ததன் காரணமும் இதுவே. ஆகவே குருணையைச் சூடான காற்றில் உலர்த்தி, ஆறுவதற்கு முன்பே உருளைக்கு அனுப்பினோம். குருணை வரும் பெட்டியை மூடினோம். இரவில் சாக்குகளை வெறுந்தரையில் வைப்பதை நிறுத்தினோம். இயந்திரம் பழைய ஒழுங்குக்கு வந்தது.

இது எங்கள் ஆலைக்கு மட்டும் உரிய செய்தி அன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில், கடற்கரை மணலிலுள்ள இல்மனைட்டையும் ரூட்டைலையும் சிர்க்கான், மோனசைட் போன்றவற்றிலிருந்து பிரிப்பதற்கு இதே இனத்து இயந்திரங்கள் பயன்படுகின்றன. முன்னிரண்டும் மின்சாரத்தைக் கடத்துவன, பின்னிரண்டும் கடத்தாதன. அத்தகைய மணலையும் நன்றாக உலர்த்திச் சூடாக இருக்கும்போதே பிரிப்பதுதான் முறை. ஆனால் எல்லாப் பிரிப்பு இயந்திரங்களும் ஈரத்துக்கு இவ்வளவு அஞ்சுவதில்லை. மாறும் காந்தப்புலத்தால் உலோகத்துக்குள்ளேயே சுழல் மின்னோட்டத்தை எழுப்பி, அலுமினியத் துண்டுகளை எறியும் இயந்திரம் ஒன்றுண்டு. மேற்பரப்பில் படியும் நீர்ப்படலம் அதன் விசையைக் குறைப்பதில்லை. ஆனால் மயிரிழைச் செம்பை எறிய அதனால் இயலாது. ஒவ்வொரு இயந்திரமும் பொருளின் எந்தக் குணத்தை நம்பி நிற்கிறது என்று அறிந்தால்தான், எது அதனைக் கெடுக்கும் என்பதும் விளங்கும்.

இத்துடன் நான் முடித்துவிடலாம். ஆனால் அந்த மூன்று வாரங்களில் சேர்ந்த கலப்புச் சாக்குகள் என்னவாயின என்பதையும் சொல்லியாக வேண்டும். கெட்டுப்போன சரக்கை விற்றுவிடலாம் என்று எழுதிய தாளில் கையொப்பமிட்டவன் நான். சில நாள் கழித்து ஊருக்கு வெளியே வறண்ட ஓடை ஒன்றின் கரையில் கரும்புகை எழுவதைக் கண்டு அருகே சென்றேன். ஒரு குடும்பத்தார் பிளாஸ்டிக் தூளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தனர். எரிந்த சாம்பலில் செம்பு நூல்களைப் பொறுக்க ஒரு சிறுமி இருமிக்கொண்டே காத்திருந்தாள். பக்கத்தில் கிடந்த சாக்குகளில் எங்கள் ஆலையின் குறி இருந்தது. பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழுகிறது. அது மூச்சுக்குழலின் ஈரத்தில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும். செம்பு உடனிருக்க எரியும்போது டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சுகள் உண்டாவதும் மிகுகிறது. எங்கள் உருளை பிரிக்கத் தவறியதை அந்தச் சிறுமியின் நெருப்பு பிரித்துக்கொண்டிருந்தது. எஞ்சியிருந்த சாக்குகளை வாங்கிய விலைக்கே திரும்பப் பெற்று, உலர்த்தி, மீண்டும் பிரித்தோம். எரிந்து போனவற்றைத் திரும்பப் பெற வழியில்லை.

மாணவர்களே, உங்களில் பலர் நாளை இயந்திரங்களின் பொறுப்பை ஏற்பீர்கள். இன்றே இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு உங்கள் வகுப்பறையின் ஈரப்பதத்தைக் குறியுங்கள். சீப்பு எத்தனை காகிதத் துண்டுகளைத் தூக்குகிறது என்பதையும் அருகே எழுதுங்கள். ஒரு மாதம் எழுதி வந்தால், நான் மூன்று வாரங்கள் தடுமாறிக் கற்றதை நீங்கள் எவருக்கும் தீங்கின்றிக் கற்றுக்கொள்வீர்கள். திருகுகளைத் தொடுமுன் காற்றை அளந்து பாருங்கள். அருகே நின்று வேலை செய்பவர் சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.