ஊர்க் குளமும் இளைஞர் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

விழா மேடையிலே புகழுரை கூறி அமர்வது எளிது. நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது புகழுரையன்று; ஒரு வேலை.

திருவாரூரிலே தண்டியடிகள் என்னும் நாயனார் வாழ்ந்தார். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். கோயிலின் மேற்குப் புறத்துத் திருக்குளம், பிறர் கட்டடங்கள் நெருங்கியமையால் இடங் குறைந்து கிடந்தது. அவர் குளத்தினுள்ளே ஒரு கோலும் கரையிலே ஒரு கோலும் நட்டு, இடையிலே கயிறு கட்டி, அதனைத் தடவியவாறே மண்ணைச் சுமந்து கொட்டினார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அவர் செய்த சிவத்தொண்டு குளம் தோண்டியதே.

இனி நம் நிலையைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையே நமக்கு முதல். அந்த மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கின்றது. மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாக இருக்கும் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கூறும் பொது விதி. ஆகவே, மேலே ஓரடி குறைந்தால் உப்பு எவ்வளவு மேலெழும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நம் முன்னோர் துலா மிதித்து இறைத்தனர். மனித உடல் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. பூவரசங் குழையைத் தாழ்த்தி நிலத்துக்கு உரமிட்டனர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இறைக்கும் இயந்திரம் வந்தது; பின்னர் இரசாயன உரம் பெருகியது. உழைப்பின் பாரம் குறைந்தது நன்மையே. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், இயந்திரத்துக்குக் களைப்பில்லை; அளவை நாமே வைத்திருக்க வேண்டும். மிகுதியான உரமும், கிணற்றுக்கு அருகே அமைத்த மலசலகூடக் குழியும் நீரிலே நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு மிஞ்சியிருக்கின்றது. அது கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

இந்நிலையில் மழைநீரைத் தடுத்து நிலத்துள் இறக்குவன நமது குளங்களே. அவை தூர்ந்து போயின. பொலித்தீன் குப்பை நிறைந்தன. வெள்ள வாய்க்கால்கள் அடைபட்டன. மழைநீர் வீதியில் நின்று, பின்னர் கடலுக்குப் போகின்றது.

"இது அரசாங்கத்தின் வேலை அன்றோ?" எனச் சிலர் கேட்பர். அரசாங்கம் செய்யவேண்டியதைக் கேட்டுப் பெறுவோம். எனினும் 1958 ஆம் ஆண்டிலே, ஆசிரியர் ஆரியரத்தின அவர்கள் மாணவர் சிலருடன் கனத்தொலுவைக் கிராமத்துக்குச் சென்று தொடக்கிய சிரமதானம், இலங்கை முழுவதும் பரவிய சர்வோதய இயக்கமாக வளர்ந்தது. மண்வெட்டி பிடித்த சில கைகளே அதற்கு முதல்.

இளைஞர்களே! ஆடி, ஆவணி மாதங்களில், மழைக்கு முன்பு, ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். கிராம அலுவலரையும் கமநல சேவை நிலையத்தாரையும் கலந்து, எல்லையை அறிந்துகொள்ளுங்கள். வண்டலை மட்டும் வாருங்கள். அது தோட்டத்துக்கு நல்ல மண். வாய்க்காலைத் திறக்குமுன் குப்பையையும் கழிவுநீர் வரும் வழியையும் அகற்றுங்கள். பாறை வெடிப்பு அழுக்கை வடிகட்டாது. குளத்திற் போட்டது நம் கிணற்றிலே வரும். கரையிலே பனம் விதை நடுங்கள். அடுத்த ஆண்டும் அதே குளத்துக்குப் போங்கள். ஒருநாட் படம் எடுத்துத் திரும்பினால் மூன்று மாரிக்குள் மீண்டும் தூர்ந்துவிடும்.

பெரியோர்களே! உங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். சொல்லத் தயங்கினேன்; சொல்லாமலும் முடியவில்லை. நம் குளங்கள் மண்ணால் மட்டும் சுருங்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முழம் வேலியை அரக்கிய கைகளாலும் சுருங்கின. இளைஞன் குளத்தை வாரலாம். உங்கள் கதியாலைப் பிடுங்க அவனால் இயலாது. அதனை நீங்களே பின்னுக்கு நட்டால், அவனுடைய பத்து நாள் உழைப்பிலும் அது பெரிய தொண்டாகும். அந்த ஒரு முழ நிலத்திலே வரும் விளைச்சல், பேரப்பிள்ளை குடிக்கும் தண்ணீருக்கு ஈடாகுமா?

கண்ணில்லாதவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளம் தோண்டினார். நமக்குக் கண் இருக்கின்றது, குளமும் இருக்கின்றது. வரும் ஆடியிலே கடகமும் மண்வெட்டியும் கொண்டு கரையிலே சந்திப்போம்.