கட்டற்ற மென்பொருள் உரிமங்கள்: சேருமா, சேராதா?

உங்க அலுவலகத்துக்கு ஒரு செயலி செய்து வாங்குறீங்க. செய்தவர், "எல்லாம் கட்டற்ற மென்பொருள்தான், உரிமக் கட்டணமே இல்லை" என்கிறார். நல்லது. ஆனா, எந்தெந்த உரிமம் உள்ளே கலந்திருக்குன்னு கேட்டீங்களா?

காப்பிலெஃப்ட், அதாவது அளிப்புரிமை, சொல்வது இதுதான்: எடுத்துக்கோங்க, மாத்துங்க, பிறருக்குக் கொடுங்க, கொடுக்கும்போது இதே உரிமத்தில், மூலநிரலும் கிடைக்கும்படி கொடுங்க. சிக்கலே அந்த "இதே உரிமம்" என்ற இடத்தில்தான். ஒரே மென்பொருளுக்குள் இரண்டு உரிமங்கள் சேர்ந்து, இரண்டுமே "முழுவதும் என் நிபந்தனைப்படிதான்" என்றால்?

நடந்த கதை ஒன்று சொல்றேன். லிப்ரேகேட் என்பது வரைபடம் வரையும் மென்பொருள். உரிமம் ஜிபிஎல் 2 மட்டும். கட்டட வரைபடங்கள் பல டிடபிள்யூஜி கோப்பாக வரும். அதைப் படிக்க குனூ திட்டத்தின் லிப்ரேடிடபிள்யூஜி இருக்கு. அதன் உரிமம் ஜிபிஎல் 3. இரண்டும் கட்டற்றவை, இரண்டும் ஒரே குடும்பம். ஆனாலும் சேர்த்து வெளியிட வழியில்லை! 1991இல் வந்த ஜிபிஎல் 2, தன் நிபந்தனைகளுக்கு மேல் வேறு கட்டுப்பாடு கூடாது என்கிறது. 2007இல் வந்த ஜிபிஎல் 3, மென்பொருள் காப்புரிமை பற்றியும், வீட்டுச் சாதனங்களில் மாற்றிய நிரலை நிறுவத் தேவையான தகவல் பற்றியும் புது நிபந்தனைகளைச் சேர்த்தது. ஒன்றுக்குக் கட்டுப்பட்டால் மற்றொன்றை மீற வேண்டிவரும்.

உரிமத்தை மாற்றிக்கொள்ளலாமே என்பீங்க. லிப்ரேகேட் பிறந்தது கியூகேட் நிரலிலிருந்து. அந்தப் பழைய நிரலின் பதிப்புரிமை இவங்க கையில் இல்லை. கடைசியில் கோப்பைப் படிக்கத் தனி நிரலகமே எழுத வேண்டியதாச்சு. ஏற்கெனவே இருந்த வேலையை மறுபடி செய்த உழைப்பு அது. கியூகேட் உரிமத்தில் "அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு" என்ற நான்கு சொல் இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. லினக்ஸ் கருநிரலிலும் அந்தச் சொற்கள் இல்லை. அது ஜிபிஎல் 2தான்.

இப்படிப்பட்ட முடிச்சை அவிழ்த்ததும் உண்டு. விக்கிப்பீடியா முதலில் குனூ ஆவண உரிமத்தில் இருந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப் படைப்புகளோடு சேர முடியவில்லை. 2008 நவம்பரில் அந்த ஆவண உரிமத்தின் 1.3 பதிப்பு, குறிப்பிட்ட காலத்துக்குள் மாறிக்கொள்ள வழிவிட்டது. 2009இல் விக்கிப்பீடியா மாறியது. தமிழ் விக்கிப்பீடியாவும் கூடவே.

பயப்படவும் வேண்டாம். அலுவலகத்துக்குள்ளேயே பயன்படுத்தும் வரை ஜிபிஎல் நிபந்தனைகள் பெரும்பாலும் குறுக்கே வராது; வெளியே கொடுக்கும்போதுதான் வரும். ஏஜிபிஎல் மட்டும் வேறு மாதிரி: அந்த உரிமத்து நிரலை மாற்றி இணையச் சேவையாக நடத்தினாலே, பயன்படுத்தும் மக்களுக்கு மூலநிரல் கிடைக்க வழி செய்யணும். மக்கள் சேவைத் தளம் நடத்துபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்க. பக்கத்து மாவட்டம் உங்க செயலியைக் கேட்டு வரும் நாளில், இரண்டு உரிமம் முட்டிக்கிட்டு நின்றால் கொடுக்க முடியாது. மறுபடி செலவு மக்கள் பணத்தில்தான்.

ஆகவே பணி ஆணையிலேயே ஒரு வரி சேருங்க: பயன்படுத்திய நிரலகங்களின் பெயர், உரிமம், பதிப்பு எண் ஆகியவற்றின் பட்டியல் தர வேண்டும். பட்டியல் வந்ததும் "மட்டும்" என்ற சொல்லைத் தேடுங்க. இருந்தால், அதோடு எது இணைக்கப்பட்டிருக்குன்னு எழுத்துப்பூர்வமாகக் கேளுங்க.