பூச்சுக்கு முன்னே பத்திரம், பெயிண்டுக்கு முன்னே தண்ணீர்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், மதுரைக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் உறுப்பினர்கள் அதிகமுள்ள குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று பெரியவர்கள் சொன்னார்கள். பழைய வீட்டைப் பழுது பார்த்துப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். புது வீட்டுக்கு இவ்வளவு செங்கல், இவ்வளவு சிமெண்ட் என்று கணக்குப் போடலாம். பழைய வீட்டில் சுவரைத் தொட்ட பிறகுதான் உள்ளே என்ன இருக்குன்னே தெரியும்.

இதை ஏன் இங்கே பேசுகிறோம்? நம்ம உறுப்பினர்கள் பல பேருடைய குடும்பத்துக்கு டவுனில் ஒரு பழைய வீடு இருக்கிறது. மாமனார் வாங்கிப் போட்டதோ, தாத்தா விட்டுப் போனதோ. விற்க மனசு வராது, இடித்துக் கட்டக் காசு கிடையாது. பிள்ளைகள் படிப்புக்காக அங்கேயே போய் இருந்துவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். உடனே குழுவுக்கு ஒரு மனு வருகிறது: “வீடு பழுது பார்க்கக் கடன்.”

எங்கள் குழுவிலும் அப்படி ஒரு மனு வந்தது. அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

வீடு மதுரையில், மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே ஒரு சந்தில். அகலம் 14 அடி, நீளம் 60 அடி. திண்ணை, ரேழி, முற்றம், அடுப்படி, கிணறு, பின்னால் கொல்லை. முன்பாதி மச்சு, பின்பாதி ஓடு. மாமனார் சம்பாதித்து வாங்கிய வீடு. அவர் இறந்துவிட்டார். மாமியார், புருஷன், இரண்டு பிள்ளைகளோடு கடைசிவரைக்கும் அங்கேதான் இருக்கப் போகிறார்கள். கேட்ட கடன் 1,50,000 ரூபாய்.

குழுவில் முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “வீடு யார் பேர்ல இருக்கு?”

வீட்டு வரி ரசீது பத்திரம் ஆகாது

“வரி ரசீது எங்க வீட்டுக்காரர் பேர்லதான் வருது” என்றார் அந்தச் சகோதரி. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறோம். வரி ரசீதும் கரண்டு பில்லும் சொத்து யாருடையது என்பதற்கு ஆதாரம் ஆகாது. மூலப்பத்திரம் பார்க்க வேண்டும், வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும், பட்டா யார் பெயரில் என்று பார்க்க வேண்டும், இறந்தவருக்கு வாரிசுச் சான்று வாங்க வேண்டும்.

உயில் எழுதாமல் இறந்த இந்து ஒருவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. இந்த வீட்டில் மாமியாருக்கு மூன்றில் ஒன்று, புருஷனுக்கு மூன்றில் ஒன்று, விருதுநகரில் கட்டிக்கொடுத்த நாத்தனாருக்கு மூன்றில் ஒன்று. மருமகளுக்கு? ஒன்றும் இல்லை. கடன் வாங்குவது அவர். வாராவாரம் தவணை கட்டப் போவது அவர். சுவரில் போய் ஒட்டப் போவது அவருடைய காசு. காகிதத்தில் அவர் பெயர் எங்கேயும் இல்லை.

அப்போது கூட்டத்தில் ஒருவர், “நாத்தனார்கிட்ட ஒரு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சது. அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே” என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “நாளைக்கு நம்ம அண்ணன் தம்பி இதே மாதிரி நம்மகிட்ட கையெழுத்துக் கேட்டா?”

சகோதரிகளே, நாம் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்கு மருமகள், இன்னொரு வீட்டுக்கு மகள். மருமகளாக நின்று பேசும்போது மகளை மறந்துவிடக் கூடாது.

முன்பெல்லாம் சட்டமே நமக்குக் குறுக்கே நின்றது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வந்தால் ஒழிய அவள் பாகம் கேட்க முடியாது. 2005-இல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். பூர்வீகச் சொத்தில் கல்யாணம் ஆகாத மகளுக்கும் மகனைப் போல் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. 2005 திருத்தம் கல்யாணம் ஆன மகளையும் சேர்த்து, நாடு முழுவதும் அந்த உரிமையைக் கொடுத்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. (முஸ்லிம், கிறிஸ்தவச் சகோதரிகளுக்கு வேறு சட்டம். அவர்கள் தனியாக ஆலோசனை கேட்டுக்கொள்ள வேண்டும்.)

நாத்தனாரை நேரில் போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்னது: “பணம் பெருசில்ல அண்ணி. நான் பொறந்த வீட்டை இடிச்சுப் புதுப்பிக்கப் போறீங்க, என்னை ஒரு வார்த்தை கேட்கலையேன்னுதான் வருத்தம்.” பேசி ஒரு தொகை முடிவானது. அண்ணன் தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அதன்பிறகு நாத்தனார் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்து கொடுத்தார். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினால் செல்லாது, பதிவு கட்டாயம்.

இப்போது புருஷனிடம் மூன்றில் இரண்டு பங்கு. அதில் ஒன்றை மனைவிக்கு செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிப் பதிந்தார். மாமியார் பங்கை யாரும் தொடவில்லை. வயதான காலத்தில் அந்த அம்மாவுக்கு அதுதான் பலம். ஆக மாமியார், மகன், மருமகள் மூவருக்கும் சமமாக மூன்று பங்கு. குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத்தாள் கட்டணத்தில் சலுகை உண்டு, கேட்டு வாங்குங்கள். வீட்டை விலைக்கே வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

குழு கடனை மறுக்கவில்லை. இரண்டு மாசம் தள்ளி வைத்தது, அவ்வளவுதான்.

தண்ணி வர்ற வழியை முதல்ல அடை

அடுத்தது வேலை. எல்லோரும் முதலில் பெயிண்ட், டைல்ஸ் என்றுதான் பேசுவார்கள். பழைய வீட்டுக்கு முதல் எதிரி தண்ணீர், இரண்டாவது எதிரி கரையான். இந்த இரண்டையும் விட்டுவிட்டு டைல்ஸ் போட்டால் புண்ணுக்குப் பவுடர் போட்ட கதைதான்.

அந்தக் காலத்துச் சுவர் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடும். இரண்டு மழைக்காலம் போனதும் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக விழும். “வீடு பழசு, அதான்” என்பார்கள். வீட்டின் மேல் குற்றமில்லை, மேலே பூசியதன் மேல்தான் குற்றம். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். வெள்ளையும் சுண்ணாம்பிலேயே அடிக்கலாம்.

சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்குள் குறைந்தது 15 நாளாவது ஊறவிட வேண்டும். பூசிய பிறகு ஒரு வாரத்துக்குக் குறையாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடை வெயிலில் வெடுக்கென்று காய்ந்தால் வெடிக்கும். தை, மாசி நல்ல மாதம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மச்சுக்குப் பாரம் ஏற்றாதே

முன்பாதி மச்சை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்கு உத்திரம் போட்டு, குறுக்கே கட்டை வைத்து, சின்னச் செங்கலை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி, தட்டோடு பதித்திருப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள் கணக்காகக் கட்டையால் தட்டியது யார்? நம்மைப் போன்ற பொம்பளைகள்தான். வரிசையாக உட்கார்ந்து தட்டினார்கள்.

இது ஒழுகினால் மேலே இன்னொரு சிமெண்ட் தளம் போடலாம் என்று மேஸ்திரி சொல்லுவார். 100 சதுர அடிக்கு ஒரு அங்குலக் கனத்தில் சிமெண்ட் கலவை போட்டால் கிட்டத்தட்ட அரை டன் எடை. 400 சதுர அடிக்கு இரண்டு டன். 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இன்னும் ஒரு டன். அந்த உத்திரம் எப்படித் தாங்கும்? அதனால் முதலில் வாட்டம் சரியாக இருக்கிறதா, தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா, அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். விரிசலைச் சுண்ணாம்பால் அடையுங்கள், உடைந்த தட்டோட்டை மாற்றுங்கள். தொட்டியை நடு உத்திரத்தில் வைக்காமல் கனமான சுவர்மேல் வையுங்கள்.

உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் நல்லது. பொத்தென்று வந்தால், ஸ்குரு டிரைவர் உள்ளே இறங்கினால், கரையான் தின்றிருக்கிறது. அப்போது மேஸ்திரி பேச்சு போதாது, பொறியாளரைக் கூட்டி வந்து காட்ட வேண்டும். ஓட்டுப் பகுதியில் கைமரம், ரீப்பர் எது பழுதோ அதை மட்டும் மாற்றி, நல்ல ஓட்டைத் திரும்ப அடுக்கலாம். எங்கள் சகோதரி வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

கரண்டும் கக்கூசும்

மரப்பட்டியில் அடித்த பழைய வயரிங்கை முழுசாக மாற்ற வேண்டும். எர்த் கட்டாயம். கசிவு வந்தால் தானாக நிற்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் கட்டாயம். ஈரச் சுவர் உள்ள வீட்டில் இதுதான் உயிரைக் காக்கும். பழைய சுவரில் குறுக்கே ஆழமாகக் காடி வெட்டாமல், குழாயை வெளியே ஓட்டுவது நல்லது.

டவுன் வீடுகளின் பின்புறச் சந்து எதற்குத் தெரியுமா? எடுப்புக் கக்கூசைச் சுத்தம் செய்ய ஒரு மனுஷர் வருவதற்காக விட்ட வழி. அந்தக் கொடுமையைச் சட்டம் 1993-லும் 2013-லும் தடை செய்துவிட்டது. புதுக் கழிவறையைப் பாதாளச் சாக்கடையில் இணையுங்கள். செப்டிக் டேங்க் என்றால் வண்டி வந்து உறிஞ்ச இடம் விடுங்கள். யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. விஷவாயு ஒரு நிமிஷத்தில் ஆளைக் கொன்றுவிடும்.

இருக்கப் போகிறவர்களை நினைத்துச் செய்

வாடகைக்கு விடும் வீடு வேறு, நாமே வயதாகி இருக்கப் போகும் வீடு வேறு. கழிவறை கீழேயே இருக்கட்டும், கைப்பிடிக் கம்பி இருக்கட்டும், வழுக்காத தரை இருக்கட்டும். முற்றத்தை மூடி அறையாக்காதீர்கள், வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் வருகின்றன. கிணற்றைக் குப்பை போட்டுத் தூர்க்காதீர்கள். 100 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் தண்ணீர். வடிகட்டிக் கிணற்றில் விடலாம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமும்கூட. கதவு ஜன்னலின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகச் சுரண்டினால் தூசி பிள்ளைகளுக்கு ஆகாது. நனைத்துத் தேயுங்கள்.

கணக்கு

1,50,000 ரூபாயைக் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டிக்கு, குறையும் அசலுக்குக் கணக்கிட்டு வாங்கினால், மாதம் சுமார் 4,980 ரூபாய் கட்டி மூன்று வருஷத்தில் முடித்துவிடலாம். மொத்த வட்டி சுமார் 29,400 ரூபாய். வெளியே மூணு வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 4,500. மூன்று வருஷத்தில் 1,62,000 ரூபாய் வட்டி கட்டியும் அசல் அப்படியே நிற்கும். பாதி வேலையில் பணம் தீர்ந்து போய்த்தான் நம்ம சனங்கள் கந்துவட்டியில் விழுகிறார்கள். அதனால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வையுங்கள். கூரை ஒரு வருஷம், சுவரும் கரண்டும் அடுத்த வருஷம், அழகு வேலை கடைசியில். எங்கள் சகோதரி இன்னும் டைல்ஸ் போடவில்லை. போன ஐப்பசி மழையில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை.

சகோதரிகளே, உங்கள் குழுவுக்கு வீட்டுப் பழுதுக் கடன் மனு வந்தால், தீர்மான நோட்டில் இந்த ஐந்து கேள்விகளையும் பதிலையும் எழுதுங்கள்:

1. பத்திரம் யார் பெயரில்? கடன் வாங்கும் உறுப்பினர் பெயர் அதில் உண்டா?
2. அந்த வீட்டு மகள்களைக் கேட்டாயிற்றா?
3. தண்ணீர் எந்த வழியாக வருகிறது?
4. உத்திரத்தையும் வயரிங்கையும் யார் பார்த்தார்கள்?
5. பாதியில் பணம் தீர்ந்தால் எங்கே போவோம்?

இதைக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்காமல் கொடுக்கும் கடன்தான் உறுப்பினரை வீட்டுக்கு வெளியே நிறுத்தும்.