கொல்லைப்புறத்தில் உருவான வேகப் படகு



நமது லயத்து வீடுகளின் கொல்லைப்புறத்தில் என்னென்ன இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கோழிக்கூடு, அடுக்கி வைத்த விறகு, துணி காயும் கம்பி, மூத்த மகன் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்ட மறந்த மோட்டார் சைக்கிள். ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரின் கான்கார்ட் என்னும் பகுதியில், ஒரு வீட்டுக் கொல்லையில் 1970களில் ஒரு மரப்படகு இருந்தது. கொட்டகை கிடையாது. திறந்த வெளியில்தான் வேலை. மழை பெய்தால் நமக்குப் பால்வெட்டு நின்றுபோவதைப்போல அங்கே படகு வேலையும் நின்றுபோகும்.

அந்தப் படகுதான் 1978ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் தண்ணீரின்மேல் மணிக்கு 511 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. கண் இமைப்பதற்குள் என்று சொல்வோமே, அதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 142 மீட்டர். பந்துத் திடலின் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பத்தைத் தாண்டியும் போய்விடும். உலகில் எந்தப் படகும் இன்றுவரை அந்த வேகத்தை முறியடிக்கவில்லை.

கட்டியவர் பெயர் கென் வார்பி. 1939ஆம் ஆண்டு நியூகாசில் நகரில் பிறந்தவர். மின்கருவிகள் விற்கும் பணியில் இருந்தவர். பணம் போதாதபோது எண்ணெய் வண்ண ஓவியங்கள் தீட்டி, கடைத்தொகுதிகளில் விற்று, அந்தக் காசைப் படகில் போட்டார். படகுக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா'.

வேகப் படகு என்றதும் இரும்பும் அலுமினியமும் நம் நினைவுக்கு வரும். இவர் எடுத்துக்கொண்டது மரம். மரச்சட்டங்களால் எலும்புக்கூடு அமைத்து, அதன்மேல் பிளைவுட் பலகை போர்த்தி, அதற்கும் மேலே பைபர் கிளாஸ் பூசினார். நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். மரம் எடை குறைந்தது. வளையாமல் விறைப்பாக நிற்கும். அதைவிடப் பெரிய வசதி, வீட்டில் இருக்கும் வாளும் இழைப்புளியும் துளைக்கருவியும் போதும். ஒரு சட்டம் தவறாகப் போனால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று செய்துகொள்ளலாம்.

எந்திரம் மட்டும் வீட்டில் செய்யக்கூடியது அன்று. விமானப்படை கழித்துவிட்ட வெஸ்டிங்ஹவுஸ் ஜெட் எந்திரத்தை மிகக் குறைந்த விலைக்கு ஏலத்தில் எடுத்தார். ஜெட் எந்திரம் சூடான காற்றைப் பின்னால் வேகமாகத் தள்ளும். அந்தத் தள்ளலிலேயே படகு முன்னால் போகும். தண்ணீருக்குள் சுழலும் விசிறி இதற்குத் தேவையில்லை.

ஆனால், சக்தி வாய்ந்த எந்திரம் கிடைத்துவிட்டால் வேகம் வந்துவிடுமா? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு கனமானது. தண்ணீருக்குள் அமிழ்ந்து போகும் படகு, போகும் வழியெல்லாம் அந்தக் கனத்தை ஒதுக்கித் தள்ளிக்கொண்டே போகிறது. மெதுவாகப் போனால் சிரமமில்லை. வேகத்தைக் கூட்டினால் தண்ணீர் சுவரைப்போல எதிர்த்து நிற்கும்.

பிள்ளைகள் குளத்தங்கரையில் விளையாடும்போது ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசுவார்கள். அது மூழ்காமல், தண்ணீரின் மேற்பரப்பில் தத்தித் தத்திப் போகும். வேகப் படகின் இரகசியமும் இதுதான். படகின் முன்பகுதியில் இரண்டு பக்கமும் மிதவை போன்ற இரண்டு பாகங்கள் இருக்கும். வேகம் ஏற ஏறப் படகு மேலே எழும்பி, அந்த இரண்டு பாகங்களின் அடியும் பின்பக்கத்தின் அடியும் மட்டுமே தண்ணீரைத் தொடும்படி ஓடும். மூன்று கால் முக்காலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற உடம்பெல்லாம் காற்றில்தான் இருக்கும்.

தண்ணீரிடமிருந்து தப்பித்தாகிவிட்டது. இனிமேல் ஆபத்து காற்றிலிருந்து வருகிறது. பெருங்காற்று அடிக்கும்போது கூரைத் தகரத்தின் ஒரு முனை சற்றே தூக்கிக்கொண்டால் என்ன ஆகும்? காற்று அடியில் புகுந்து, தகரத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விடும். படகின் மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தாலும் அதே கதிதான். அப்படியே மூக்கை அழுத்தி வைத்துவிட்டால், அது அலையில் குத்தி முழுகும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது.

இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. வார்பி இளமையில் கதாநாயகனாக மதித்தவர் டானல்ட் கேம்பல் என்னும் ஆங்கிலேயர். 1967ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் அவருடைய 'புளூபேர்ட்' படகு மணிக்கு 300 மைலையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது மூக்கு உயர்ந்து, காற்றில் எழும்பிக் குட்டிக்கரணம் அடித்து விழுந்தது. கேம்பல் மாண்டார். அவருக்கு வயது 45. அவருக்கு வாய்த்திருந்த பட்டறையும் கைதேர்ந்த பொறியியலாளர்களும் கொல்லையில் வேலை செய்தவருக்கு வாய்க்கவில்லை.

அப்படியானால், வார்பி எந்தத் துணிச்சலில் இறங்கினார்? தனி ஒருவராக எல்லாம் செய்தார் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். உண்மை அப்படியில்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டார். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் ஃபிங்க், முன்பு கேம்பலின் படகுக்கே காற்றோட்ட ஆராய்ச்சி செய்தவர். அவர் வார்பிக்கு வழிகாட்டினார். எந்திரத்தைச் சீர்ப்படுத்த விமானப்படையினர் உதவினர். முதல் ஓட்டத்துக்கும் சாதனை ஓட்டத்துக்கும் இடையே சில ஆண்டுகள் சென்றன. ஓட்டிப் பார்ப்பதும், திருத்துவதும், மறுபடி சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதுமாகவே காலம் போயிற்று. மலிவாகக் கிடைத்த எந்திரத்தைப் பற்றியே எல்லாரும் வியந்து பேசுகிறார்கள். எனக்கென்னவோ இந்தக் காத்திருப்புத்தான் பெரிதாகத் தெரிகிறது. பெட்ரோலும் மழையும் சம்பளமும் சேர்ந்து வாராவாரம் ஒரு மனிதரைச் சோதிக்கும்போது, 'இன்றே முழு வேகத்தில் ஓட்டிவிடுவோம்' என்று தோன்றாமல் இருக்குமா?

சாதனை நடந்த இடம், டூமட் ஊருக்கு அருகே உள்ள பிளவரிங் அணைக்கட்டு நீர்த்தேக்கம். ஒரு தடவை வேகமாக ஓடிக் காட்டினால் போதாது. காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கலாம் அல்லவா? அதனால் குறித்த ஒரு கிலோமீட்டர் தூரத்தைப் போகும்போது ஒரு முறையும் எதிர்த்திசையில் ஒரு முறையும், ஒரு மணி நேரத்துக்குள் ஓட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கில் சேரும். 1977ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், மணிக்கு 464 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, அமெரிக்கர் லீ டெய்லர் 1967இல் வைத்திருந்த சாதனையை வார்பி கடந்தார். மறு ஆண்டில் 511.

அதன் பிறகு முயன்றவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். லீ டெய்லர் ராக்கெட் படகொன்றில் இழந்த பட்டத்தை மீட்க வந்து, 1980 நவம்பரில் டாஹோ ஏரியில் உயிர் துறந்தார். கிரெய்க் ஆர்ஃபன்ஸ் என்ற அமெரிக்கர் 1989 ஜூலையில் ஃபுளோரிடாவில் அதே முயற்சியில் மாண்டார். வார்பி மட்டும் முதுமைவரை வாழ்ந்து, 2023 பிப்ரவரியில் காலமானார்.

ஆற்றோரத் தோட்டங்களில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சிறிய சம்பானில் பெரிய குதிரைசக்தி மோட்டாரைப் பூட்டிப் பார்க்கும் ஆசை உங்களில் சிலருக்கு உண்டு. பின்பலகை அந்த எடையைத் தாங்குமா, மோட்டாரை முறுக்கியதும் மூக்கு எவ்வளவு தூக்குகிறது, முன்னால் யாரை உட்கார வைத்தால் சமப்படும் என்பதையெல்லாம் முதலில் பாருங்கள். தெரியாவிட்டால் படகு கட்டும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். மிதவைச் சட்டை போடாமல் இறங்காதீர்கள். மணிக்கு 30 கிலோமீட்டரிலும் சம்பான் கவிழும்.

அந்த மரப்படகு சிட்னியில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வார்பியின் மகன் டேவ், தந்தை உயிரோடு இருந்தபோதே அவருடன் சேர்ந்து இரண்டாவது படகு ஒன்றைக் கட்டி, அதே பிளவரிங் நீர்த்தேக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்த்து வந்தார். தந்தையைப்போலவே, அவசரமில்லாமல்.