யார் வரைந்த வரைபடத்துக்கு விருது?

(வால்பாறையில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நகரமைப்புத் துறையில் கிடைக்கும் கல்வி உதவித்தொகைகள், விருதுகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். நியாயம்தான். ஆனால் லைன் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது வீட்டுப் பிரச்சினை.

இங்கே எந்தத் தோட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றும் வெளிச்சமும் உள்ள மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். இன்னும் கீழே, ஓடையை ஒட்டி, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நம் வீடுகள். இது தானாக அமைந்ததா? யாரோ உட்கார்ந்து வரைந்தார்கள். சமவெளியில் ஊர், சேரி என்று பிரித்து வைத்திருந்ததைக் கங்காணிகள் நம் பாட்டன் பாட்டியோடு சேர்த்து மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைக்காரன் அதற்கு அளவுகோல் பிடித்து வரைபடம் போட்டான்.

எங்கள் துறைக்கு அரசு வைத்திருக்கும் பெயர் நகர் ஊரமைப்பு. கொங்கு மண்ணில் ஊர் என்று சொன்னால் அதில் யார் சேர்த்தி, யார் சேர்த்தியில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் ஒரு சுற்றுச்சுவர் சரிந்து 17 தலித்துகள் தூக்கத்திலேயே செத்தார்கள். தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். சுவர் எவ்வளவு உயரம் இருக்கலாம், யார் வீட்டை ஒட்டி எழலாம், தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்பதெல்லாம் திட்டமிடல் பாடத்தில் வருபவை. 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1971ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் வந்து நூறு வருடம் ஆகப்போகிற நேரத்தில்தான் அந்தச் சுவர் விழுந்தது.

இப்போது விருதுக்கு வருகிறேன். ஒன்றிய அரசின் ஸ்மார்ட் சிட்டி விருதுப் போட்டி 2022இல், கட்டமைக்கப்பட்ட சூழல் என்ற பிரிவில் முதலிடம் நம் கோயம்புத்தூருக்கு. மாதிரிச் சாலைகளுக்கும் குளங்களைச் சீரமைத்ததற்கும். 2023 செப்டம்பரில் இந்தூரில் நடந்த விழாவில் கொடுத்தார்கள். குளத்தைச் சீரமைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. சாக்கடையாகக் கிடந்த கரையில் இன்று பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நானும் உக்கடம் பெரியகுளத்தில் நடந்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

ஆனால் அந்தக் குளக்கரைகளில் குடும்பங்கள் இருந்தன. முத்தண்ணன்குளத்திலும் வாலாங்குளத்திலும் தலைமுறையாக வாழ்ந்தவர்களை எடுத்துக் கீரணத்தத்திலும் மலுமிச்சம்பட்டியிலும் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலை நகரத்துக்குள், வீடு நகரத்தின் விளிம்பில். விடியற்காலை வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் ஓட வேண்டிய பெண்ணுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு, பிள்ளை எந்தப் பள்ளிக்கு மாறியது, புது இடத்தில் கடன் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து மதிப்பெண் போட்டால் முதலிடம் யாருக்குப் போயிருக்கும்? சென்னையில் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களைக் கேட்டாலும் இதே கதைதான்.

விருதுக்கு விண்ணப்பிக்கும் படிவங்களை வேலை நிமித்தம் நிறைய நிரப்பியிருக்கிறேன். முன்பு எடுத்த படம், பின்பு எடுத்த படம், செலவு, புதுமை, பிற நகரங்கள் இதைப் பின்பற்ற முடியுமா. இவைதான் கட்டங்கள். முன்பு எடுத்த படத்தில் இருந்த ஆட்கள் பின்பு எடுத்த படத்தில் ஏன் இல்லை என்று கேட்கும் கட்டத்தை நான் நிரப்பியதில்லை.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கினார்கள், அங்கே வீட்டுக் கடன் கிடைக்காது. 1965இல் பால் டேவிடாஃப் என்ற திட்டமிடல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்காக வாதாடுவதுபோல் திட்டமிடுபவர் ஏழைகளின் பக்கம் நின்று வாதாட வேண்டும் என்றார். இன்று அந்த நாட்டுத் திட்டமிடல் கல்லூரிகளின் சங்கம் அவர் பெயரில் ஒரு நூல் விருது கொடுக்கிறது, வறுமைக்கும் இனவெறிக்கும் எதிரான எழுத்துக்கு. அமெரிக்கத் திட்டமிடல் சங்கத்தில் பெண்களுக்கும் கறுப்பின, பழங்குடி, ஹிஸ்பானிய மாணவர்களுக்கும் என்றே ஜூடித் மக்மேனஸ் பிரைஸ் உதவித்தொகை இருக்கிறது. அங்கே இனவெறி ஒழிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் தொழிலும் இதில் உடந்தை என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவே. இங்கே நம் சங்கங்கள் சாதி என்ற சொல்லை மேடையில் உச்சரிப்பதே அபூர்வம். கேட்டால், சமூகப் பொருளாதாரப் பின்னணி என்பார்கள்.

அடுத்து உதவித்தொகை. 1913இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று வருடத்துக்குக் கொடுத்த உதவியில்தான் அம்பேத்கர் கொலம்பியா போனார். 1916இல் அங்கே ஒரு கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்று கட்டுரை படித்தார். இப்போது பாருங்கள். தலித் மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிப்பதற்காக ஒன்றிய அரசு கொடுக்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளை 2022இல் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்றார்கள். அந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் அம்பேத்கரின் விண்ணப்பம் என்னவாகியிருக்கும்? வால்பாறை லைன் வீடுகளில் சாதி என்று நீங்கள் தலைப்புக் கொடுத்தால் அது நகரமைப்பா, இந்தியச் சமூகமா என்று முடிவு செய்யப்போவது நீங்களல்ல, ஒரு குழு. 2025இல் இதே திட்டத்துக்கு 106 பேர் தேர்வானார்கள். முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் போனது, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1917இல் அதே பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். கொலம்பியாவில் படித்தவருக்கும் ஊருக்குள் வீடு இல்லை.

வீடு என்றதும் என் அம்மா ஞாபகம் வருகிறது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். 58 வயதில் ஓய்வு, அதோடு வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்தது. தொழிலாளிக்கு நிர்வாகம் வீடு தர வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும், முகவரியும் போகும். 2024இல் மாஞ்சோலையில் நடந்ததும் இதுதான், அங்கே ஒரே நேரத்தில் மொத்த மலைக்கும். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி எங்கே குடியிருப்பார் என்பதற்கு ஒரு முழுமைத் திட்டம் வரைந்து எவராவது விருது வாங்கினால் நான் மாலை போடத் தயார்.

நம் பக்கத்திலேயே திட்டமிட்டுக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 2019 மழையில் மண் சரிந்து வீடிழந்த கல்லார்குடி காடர்கள், பாதுகாப்பான இடம் எது என்று தாங்களே காட்டுக்குள் பார்த்து, தெப்பக்குளமேடு என்றார்கள். வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்துப் போராடி 2021இல் அந்த இடத்தைப் பெற்றார்கள். சரிவு, நீர், மண், பாதை எல்லாம் பார்த்துக் குடியிருப்புக்கு நிலம் தேர்ந்தெடுப்பதை முதுகலை வகுப்பில் எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தந்தார்கள். காடர்கள் செய்ததை விருதுப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி நாட்டில் 12,000க்கும் மேல் நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவை. அனுமதிக்கப்பட்டவை 4,000கூட இல்லை, அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் காலி. 7,933 நகர்ப்புறங்களில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே கிடையாது. ஆக, ஆள் தேவை. அந்த நாற்காலிகளில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

பொறியியலும் கட்டடக்கலையும் படித்தவர்களுக்கு மட்டும்தான் இந்தப் படிப்பு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பல நிறுவனங்களில் எம்.ஏ. பொருளாதாரம், சமூகவியல், புவியியல் படித்தவர்களும் எம்.பிளான் சேரலாம். கேட் தேர்வில் கட்டடக்கலையும் திட்டமிடலும் சேர்ந்து ஒரே தாள், அதில் திட்டமிடல் பகுதியைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். தேறி இடம் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் பெண்களுக்கும் தேர்வுக் கட்டணம் பாதி. பிளஸ் டூவில் கணிதம் எடுத்த தம்பி தங்கைகள் பி.பிளான் சேர ஜே.இ.இ. மெயினில் அதற்கென்று தனித் தாள் எழுதலாம். இரண்டரை லட்சத்துக்குள் குடும்ப வருமானம் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு. வெளிநாடு போக நினைப்பவர்கள் ஒன்றிய அரசை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தையும் பாருங்கள்.

விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்று ஓர் இடம் வரும். அங்கேதான் நம் பிள்ளைகள் பேனாவை நிறுத்துகிறார்கள், தோட்டத்து வீட்டை நிரந்தரம் என்று எப்படி எழுதுவது என்று. ஆதாரில் இருக்கிறபடி எழுதுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றிலும் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிட வேண்டும். இறுதியாண்டில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கிளம்ப வேண்டாம். மடிக்கணினி கொண்டுவந்திருக்கிறேன், கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.